ராத் மாற்றத்தின் வரிக் கணக்கு: எந்த வரிசையில் செய்வது, எதைத் திருப்பலாம், எதைத் திருப்ப முடியாது

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் ட்ரெடிஷனல் ஐ.ஆர்.ஏ. கணக்கில் இருக்கும் ஓய்வுக்காலப் பணத்தை ராத் ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றுவது சில நிமிட வேலை. ஐ.ஆர்.ஏ. என்பது தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பொதுவாக ட்ரெடிஷனலில் பணத்தை எடுக்கும்போது வரி, ராத்தில் வரியை முன்பே கட்டிவிடுகிறோம். தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் தொகையைக் குறித்து உறுதிசெய்தால் போதும். அதற்கான வரிக் கணக்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் கண்ணில் படும். அப்போது பலருக்குத் திகைப்பு வருகிறது.

பல வரிப் பருவங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்பர்களின் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். தடுக்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் செய்த காரியம் சரிதான். செய்த வரிசைதான் பிசகு. அதனால் இந்த வழிகாட்டியை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். எண்கள் 2025 வரி ஆண்டுக்கானவை. வேறு ஆண்டு என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

1. திருப்ப முடிவது எது, முடியாதது எது

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். ராத் கணக்குக்குள் பணம் போகும் வழிகள் இரண்டு. ஒன்று, உங்கள் சம்பாத்தியத்திலிருந்து ஆண்டு வரம்புக்குள் நேரடியாகச் செலுத்துவது. மற்றொன்று, ஏற்கெனவே ட்ரெடிஷனல் கணக்கில் இருப்பதை ராத்துக்கு மாற்றுவது.

செலுத்தியதை இன்றும் திருப்பலாம். அதற்குப் பெயர் மறுவகைப்படுத்தல். மாற்றியதைத் திருப்ப முடியாது. 2017-இல் நிறைவேறிய வரிச் சட்டம், 2018 ஜனவரி 1 முதல் செய்யப்படும் மாற்றங்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டது.

பழைய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் கிடப்பதுதான் தொல்லை. "ஆண்டின் தொடக்கத்தில் மாற்றுங்கள், பங்குச் சந்தை விழுந்தால் அடுத்த அக்டோபருக்குள் திருப்பிவிடலாம்" என்று அவை சொல்லும். அன்றைக்கு அது சரியான ஆலோசனை. இன்று 80,000 டாலரை மாற்றி, அது இரண்டே மாதத்தில் 60,000 ஆகச் சரிந்தாலும், உங்கள் வருமானத்தில் சேர்வது 80,000 டாலர்தான். பின்வரும் ஒவ்வொரு படியிலும் நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

வேலை செய்யும் நிறுவனத்தின் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே) திட்டத்துக்குள்ளேயே ராத் பகுதிக்கு மாற்றினாலும் இதே கதைதான். அதையும் திருப்ப இயலாது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சென்ற ஆண்டு தாக்கல் செய்த வரிப் படிவம் முழுவதையும் எடுத்து வையுங்கள். அதில் 8606 படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். வரிக் கழிவு பெறாமல் ட்ரெடிஷனல் கணக்கில் எப்போதாவது பணம் போட்டிருந்தால், அந்தத் தொகையைச் சுமந்து வருவது அந்தப் படிவம்தான். ஏற்கெனவே வரி கட்டிய பணம் என்பதால் அதை இங்கே "வரி கட்டிய முதல்" என்று சொல்கிறேன். அதில் 14 என்று எண்ணிட்ட இடத்தில் இருக்கும் தொகைதான் இந்த ஆண்டுக் கணக்கின் தொடக்கம்.

பிறகு உங்கள் பெயரில் இருக்கும் எல்லா ஐ.ஆர்.ஏ. கணக்குகளின் இன்றைய இருப்பு வேண்டும். எந்த நிறுவனத்தில் இருந்தாலும் விடாதீர்கள். சுயதொழில் செய்தபோது திறந்த செப் ஐ.ஆர்.ஏ., சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது கிடைத்த சிம்பிள் ஐ.ஆர்.ஏ. இரண்டும் இதில் அடங்கும். சிம்பிள் கணக்கு தொடங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம். அதற்குள் வெளியே எடுத்தால் அபராதம் 25 சதவீதம் வரை போகும்.

கடைசியாக, இந்த ஆண்டின் சம்பளச் சீட்டு. இதுவரை எவ்வளவு வரி பிடித்திருக்கிறார்கள் என்பது ஐந்தாம் படியில் தேவைப்படும்.

3. எல்லா ஐ.ஆர்.ஏ.வையும் ஒரே பானையாகக் கருதுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஒருவர் 7,000 டாலரை வரிக் கழிவு இல்லாமல் புதிய ட்ரெடிஷனல் கணக்கில் போடுகிறார். அடுத்த வாரம் அந்தக் கணக்கை முழுவதும் ராத்துக்கு மாற்றுகிறார். வரி கட்டிய பணம்தானே, இனி என்ன வரி என்று நினைக்கிறார். ஆனால் பழைய நிறுவனத்தின் 401(கே) பணம் 63,000 டாலர் வேறொரு ஐ.ஆர்.ஏ.வில் இருக்கிறது. அதை அவர் மறந்தே போய்விட்டார்.

சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு கணக்குகள் இல்லை. மொத்தம் 70,000 டாலர் கொண்ட ஒரே பானை. அதில் வரி கட்டிய முதல் 7,000, அதாவது 10 சதவீதம். பாலில் தண்ணீர் கலந்த பிறகு ஒரு தம்ளரில் பாலை மட்டும் மொள்ள முடியாது. மாற்றிய 7,000-இல் 10 சதவீதமான 700 டாலருக்கு வரி இல்லை. மீதி 6,300 டாலர் அந்த ஆண்டின் வருமானம். வரி கட்டிய முதலான 7,000-இல் 700 போக எஞ்சிய 6,300 டாலர் பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். அது தொலைவதில்லை, ஆனால் நினைத்தபடி இந்த ஆண்டு உதவுவதும் இல்லை.

பானையில் சேராதவை: 401(கே) பணம், ராத் கணக்குகள், கணவன் அல்லது மனைவியின் ஐ.ஆர்.ஏ. சேர்ந்து வரி தாக்கல் செய்தாலும் இருவரின் பானைகளும் தனித்தனி. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வழி பிறக்கும். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் 401(கே) திட்டம் வெளியிலிருந்து பணத்தை ஏற்குமானால், வரி கட்டாத 63,000 டாலரை அங்கே அனுப்பிவிடுங்கள். 401(கே) வரி கட்டாத பணத்தை மட்டுமே ஏற்கும் என்பதால், வரி கட்டிய 7,000 டாலர் தானாகவே ஐ.ஆர்.ஏ.வில் பின்தங்கும். அதை மாற்றினால் வரி ஏதும் வராது.

கணக்கிடும் நாள் எது என்பதில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. மாற்றிய நாளில் எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. டிசம்பர் 31 அன்று இருக்கும் இருப்போடு அந்த ஆண்டில் எடுத்ததையும் மாற்றியதையும் கூட்டித்தான் விகிதம் போடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மார்ச் மாதம் மிகச் சுத்தமாக மாற்றம் செய்தார். அன்று அவரிடம் வேறு ஐ.ஆர்.ஏ.வே இல்லை. அக்டோபரில் வேலை மாறியபோது பழைய 401(கே)யை ஒரு புதிய ஐ.ஆர்.ஏ.வுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு செயல், ஏழு மாதம் முன்பு செய்த மாற்றத்தைப் பின்னோக்கிச் சென்று பிடித்தது. ஜனவரி வரை பொறுத்திருந்தால் ஒரு டாலர்கூட வரி வந்திருக்காது.

ஆகவே 401(கே)க்கு அனுப்பும் வேலையை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். காசோலை தபாலில் போய், திட்ட நிர்வாகிகள் சரிபார்த்து, வரவு வைக்க வாரக்கணக்கில் ஆகும்.

4. எவ்வளவு மாற்றுவது

உங்கள் வரி அடுக்கில், அதாவது ஒரே சதவீதத்தில் வரி விழும் வருமானப் பட்டையில், எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் மாற்றுவதே பொதுவாக நல்லது. கணவன், மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள். இருவரின் சம்பளம் 1,50,000 டாலர். வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2025-க்கான நிலையான கழிவு 31,500 டாலர் போக, வரிக்குரியது 1,18,500. சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு 22 சதவீத அடுக்கு 2,06,700 டாலரில் முடிகிறது. மீதமுள்ள இடம் 88,200 டாலர். அதை முழுவதும் மாற்றினால் மத்திய வரி மட்டும் 19,404 டாலர் கூடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் 24 சதவீதம்.

இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வரி அடுக்கைத் தவிர, வருமானத்தைப் பார்த்து விலை மாறும் வேறு சிலவும் இருக்கின்றன.

அறுபத்து மூன்று வயதைத் தொட்டவர்கள், 65 வயதில் தொடங்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நினைத்துக்கொள்ள வேண்டும். மெடிகேர் கட்டணம் இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைப் பார்த்து நிர்ணயமாகிறது. 2026-இல் அதன் பி பகுதிக்கான (மருத்துவர் சிகிச்சைக்கான பகுதி) மாதக் கட்டணம் 202.90 டாலர். ஆனால் 2024-இல் தம்பதியின் வருமானம் 2,18,000 டாலரைத் தாண்டியிருந்தால் அது தலைக்கு 284.10 டாலர் ஆகிறது. இது படிப்படியாக ஏறும் கட்டணம் இல்லை. ஒரு டாலர் தாண்டினாலும் முழுக் கூடுதலையும் கட்டியாக வேண்டும். இருவருக்கும் ஆண்டுக்கு 1,948.80 டாலர். எல்லைகள் ஆண்டுதோறும் சற்று மாறும் என்பதால், கோட்டை ஒட்டி நிற்காமல் சில ஆயிரம் டாலர் இடைவெளி விட்டு மாற்றுங்கள். வேலையை விட்டதால் வருமானம் குறைந்தது என்றால் மேல்முறையீடு செய்யலாம். ராத் மாற்றம் செய்தேன் என்பது அதற்குக் காரணமாக ஏற்கப்படாது.

ஓய்வு பெற்று இன்னும் 65 வயது ஆகாமல், அரசுச் சந்தையில் மருத்துவக் காப்பீடு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காப்பீட்டுக்கான வரிச் சலுகை ஆண்டு வருமானத்தை வைத்தே கிடைக்கிறது. மாற்றிய தொகை வருமானத்தில் சேர்ந்ததும் சலுகை சுருங்கும். சில குடும்பங்களுக்கு இது மாற்றத்தின் வரியைவிடப் பெரிய தொகை.

வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்ற லாபம் உள்ளவர்களுக்கு 3.8 சதவீத முதலீட்டு வரி இருக்கிறது. மாற்றிய தொகைமீது அந்த வரி விழாது. ஆனால் மாற்றம் வருமானத்தை 2,50,000 டாலருக்கு மேல் தூக்கிவிட்டால், மற்ற முதலீட்டு வருமானம் அதில் மாட்டிக்கொள்ளும். தனியாகத் தாக்கல் செய்பவருக்கு எல்லை 2,00,000.

மாநில வரியையும் சேருங்கள். டெக்சஸ், புளோரிடாவில் தனிநபர் வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் உண்டு, கடுமையாகவே உண்டு. நியூ ஜெர்சியில் வேறொரு நுணுக்கம்: அந்த மாநிலம் ஐ.ஆர்.ஏ.வில் போடும் பணத்துக்குக் கழிவே தருவதில்லை. எனவே மத்தியக் கணக்கில் வரி கட்டாததாக இருக்கும் பணம் மாநிலக் கணக்கில் வரி கட்டியதாக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பு வைத்திருக்காவிட்டால் ஒரே பணத்துக்கு மாநில வரியை இரண்டு முறை கட்டுவீர்கள்.

ஒரு பயம் மட்டும் தேவையில்லை. மாற்றிய தொகை வருமானத்தைக் கூட்டுவதால் ராத்தில் நேரடியாகச் செலுத்தும் தகுதி போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் தகுதிக்கான வருமானக் கணக்கில் மாற்றிய தொகையைச் சேர்ப்பதில்லை.

5. வரிப் பணத்தை வெளியிலிருந்து எடுங்கள்

மாற்றும் பக்கத்தில் "வரிப் பிடித்தம் வேண்டுமா" என்று கேட்பார்கள். எதையும் தொடாமல் விட்டால் பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். 60 வயதை நெருங்காதவர்கள் அதைப் பூஜ்யம் என்று மாற்ற வேண்டும்.

காரணம் இது. 45 வயதுள்ள ஒருவர் 50,000 டாலரை மாற்றுகிறார், 5,000 பிடித்துக்கொள்ளப்படுகிறது. ராத்துக்குப் போய்ச் சேர்வது 45,000 மட்டுமே. மீதி 5,000 டாலர் மாற்றமாகாமல் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழித்த பணமாகக் கருதப்படும். ஐம்பத்தொன்பதரை வயது ஆகாததால் அதற்கு 10 சதவீத அபராதம், 500 டாலர். வழக்கமான வரி 50,000-க்கும் உண்டு. மேலும், அந்த 5,000 டாலர் இனி ஒருநாளும் வரியின்றி வளரப்போவதில்லை.

தவறிப் பிடித்துவிட்டார்கள் என்றால் 60 நாள் அவகாசம் இருக்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து 5,000 டாலரை எடுத்து ராத்தில் போட்டுவிட்டால் அபராதம் விலகும். பிடித்த வரி உங்கள் பெயரில் வரவாகவே இருக்கும்.

கையில் வரிக்கு வேண்டிய ரொக்கம் இல்லை என்றால் மாற்றத்தைச் சிறியதாக்குங்கள். ஓய்வுக்காலப் பணத்திலிருந்தே வரியைக் கட்டுவதற்காகப் பெரிதாக மாற்றுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்து, கட்டும் நேரம். ஏப்ரல் வரை காத்திருந்தால் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் வரலாம். சென்ற ஆண்டு உங்களுக்கு வந்த மொத்த வரியின் 100 சதவீதம் இந்த ஆண்டு பிடித்தமாகவோ தவணையாகவோ கட்டப்பட்டிருந்தால் அபராதம் இல்லை. சென்ற ஆண்டின் வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் என்றால் 110 சதவீதம். இந்த எல்லையை எட்டாவிட்டால், ஆண்டின் கடைசிச் சம்பளங்களில் பிடித்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்த வரி, எப்போது பிடித்திருந்தாலும் ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகக் கருதப்படும். தவணை வரிக்கு இந்தச் சலுகை இல்லை. டிசம்பரில் மாற்றி ஜனவரி 15-க்குள் தவணை கட்டுகிறவர்கள், வருமானம் ஆண்டின் கடைசியில்தான் வந்தது என்று, அந்த அபராதத்தைக் கணக்கிடும் 2210 படிவத்தின் ஏஐ அட்டவணையில் காட்ட வேண்டும்.

6. மாற்றும் நாள்

டிசம்பர் 31-க்குள் பணம் ராத் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். ஏப்ரல் 15 வரை காலம் இருப்பது செலுத்துவதற்குத்தான், மாற்றத்துக்கு இல்லை. இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொண்டு மார்ச்சில் வந்து கேட்டவர்கள் என் மேசையில் குறைந்தது நான்கு பேர்.

திருப்ப முடியாத காரியம் என்பதால், பெரும்பகுதியை நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடுவது என் வழக்கம். அதற்குள் போனஸ் தெரிந்துவிடும், பங்கு விற்ற லாபம் தெரிந்துவிடும், அடுக்கில் எவ்வளவு இடம் என்று ஊகிக்க வேண்டியிருக்காது. நடுவில் சந்தை விழுந்தால் அப்போது ஒரு பகுதியை மாற்றலாம். அதே எண்ணிக்கைப் பங்குகளைக் குறைந்த மதிப்பில், குறைந்த வரியில் கொண்டுபோகலாம். பங்குகளை விற்காமல் அப்படியே மாற்றவும் முடியும். மாற்றிய நாளின் மதிப்புக்கு வரி.

எழுபத்து மூன்று வயதைத் தொட்டவர்கள் ஒன்றை முதலில் செய்ய வேண்டும். அந்த ஆண்டு கட்டாயம் எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை எடுத்துவிட்டுத்தான் மாற்றத்தைத் தொட வேண்டும். ஆண்டில் முதலில் வெளியேறும் பணம் அந்தக் கட்டாயத் தொகையாகவே கருதப்படும். அதை ராத்தில் போடும் உரிமை கிடையாது. போட்டால் அது மிகைச் செலுத்தம். சரிசெய்யும் வரை ஆண்டுக்கு 6 சதவீதம் அபராதம்.

7. படிவங்கள் வரும்போது

ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, கணக்கிலிருந்து வெளியேறிய தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவம் தரகு நிறுவனத்திடமிருந்து வரும். அதைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்க ஒரு நண்பர் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வரி கட்டிய 7,000 டாலரைத்தான் மாற்றியிருந்தார். ஆனால் தாளில் பெட்டி 1-இல் 7,000, வரிக்குரிய தொகை என்ற பெட்டி 2ஏ-யிலும் 7,000. நான் என் விரலை அதற்குக் கீழே வைத்தேன். 2பி என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு பெருக்கல் குறி. "வரிக்குரிய தொகை நிர்ணயிக்கப்படவில்லை" என்பது அதன் பொருள். உங்களிடம் வரி கட்டிய முதல் எவ்வளவு என்று தரகு நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் முழுத் தொகையையும் எழுதி, குறியும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மீதியைச் சொல்ல வேண்டியது நீங்கள், 8606 படிவத்தில்.

மென்பொருளில் 1099-ஆரை மட்டும் ஏற்றிவிட்டு, "இதற்கு முன் கழிவில்லாமல் செலுத்தியதுண்டா" என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் வரி விழும். தாக்கல் செய்யுமுன், ஆண்டு வருமான வரிப் படிவமான 1040-இல் 4ஏ, 4பி என்று குறித்த இடங்களைப் பாருங்கள். 4ஏ-யில் மாற்றிய மொத்தமும், 4பி-யில் உண்மையில் வரிக்குரியதும் இருக்க வேண்டும். மேலே சொன்ன நண்பருக்கு 4பி-யில் பூஜ்யம் வந்த பிறகுதான் அவர் காபியைத் தொட்டார்.

ஆண்டு தாண்டிச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2024-ஆம் ஆண்டுக்கான தொகையை 2025 மார்ச்சில் செலுத்தி ஏப்ரலில் மாற்றினால், செலுத்தியது 2024-ஆம் ஆண்டின் 8606 முதல் பகுதியில் வரும். மாற்றியது 2025-ஆம் ஆண்டின் 8606 இரண்டாம் பகுதியில் வரும். இரண்டையும் ஒரே ஆண்டில் திணித்தால் கணக்கு நிற்காது. கூடுமானவரை செலுத்துவதையும் மாற்றுவதையும் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

5498 என்று ஒரு படிவம் மே மாதம் வரும். தாக்கல் முடிந்த பிறகு வருகிறதே என்று பதறாதீர்கள். அது தகவலுக்கு மட்டும். அதன் மூன்றாம் பெட்டியில் மாற்றிய தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கோப்பில் வையுங்கள்.

முந்தைய ஆண்டுகளில் 8606 தாக்கல் செய்யவே மறந்திருந்தால் இப்போதும் செய்யலாம். விடுபட்டதற்கு 50 டாலர் அபராதம் சட்டத்தில் இருக்கிறது. நியாயமான காரணம் சொன்னால் தள்ளுபடிக்கும் இடமுண்டு. பழைய முதலை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

8. செலுத்தியதைத் திருப்பும் முறை

2025-இல் தனியாகத் தாக்கல் செய்பவரின் வருமானம் 1,65,000 டாலரையோ, தம்பதியின் வருமானம் 2,46,000 டாலரையோ எட்டிவிட்டால் ராத்தில் நேரடியாகச் செலுத்த அனுமதி இல்லை. முறையே 1,50,000, 2,36,000-இலிருந்தே வரம்பு தேயத் தொடங்கும். பிப்ரவரியில் செலுத்திவிட்டு, பதவி உயர்வால் டிசம்பரில் வரம்பைத் தாண்டியவர்களுக்குத்தான் மறுவகைப்படுத்தல்.

தரகு நிறுவனத்திடம் "இந்த ஆண்டுக்கு, இந்த நாளில் செலுத்திய, இவ்வளவு தொகையை ட்ரெடிஷனலுக்கு மறுவகைப்படுத்துங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களே பணத்தை எடுத்து மறு கணக்கில் போடக் கூடாது. கணக்கிலிருந்து கணக்குக்கு அவர்களேதான் மாற்ற வேண்டும். தொலைபேசியில் "திரும்ப எடுத்துத் தாருங்கள்" என்று சொன்ன ஒருவருக்கு, அதை மிகைச் செலுத்தத்தைத் திரும்பப் பெறுவதாகப் புரிந்துகொண்டு காசோலையே அனுப்பிவிட்டார்கள். சொல் முக்கியம்.

செலுத்திய தொகை மட்டும் போகாது. அது ஈட்டிய லாபமோ நஷ்டமோ கூடவே போக வேண்டும். செலுத்துமுன் ராத் கணக்கில் 14,000 டாலர் இருந்தது. 7,000 செலுத்தியதும் 21,000. திருப்பும் நாளில் 23,100. மொத்தக் கணக்கு 2,100 டாலர், அதாவது 10 சதவீதம் வளர்ந்திருக்கிறது. 7,000-க்கு அதன் பங்கு 700. ஆகவே 7,700 டாலர் ட்ரெடிஷனலுக்குப் போகும். இடையில் வேறு பணம் வந்தோ போயோ இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வழக்கமாக நிறுவனமே கணக்கிட்டுத் தரும்.

இப்போது அந்தப் பணம் முதல் நாளிலிருந்தே ட்ரெடிஷனலில் செலுத்தியதாகக் கருதப்படும். கழிவு பெறாவிட்டால் 7,000 டாலர் வரி கட்டிய முதல், 8606-இல் பதியுங்கள். பிறகு 7,700-ஐயும் ராத்துக்கு மாற்றினால், வேறு ஐ.ஆர்.ஏ. இல்லாதவருக்கு 700 டாலர் மட்டுமே வரிக்குரியது. மூன்றாம் படியில் சொன்ன பானை இங்கேயும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்.

காலக்கெடு, நீட்டிப்பு உட்பட, தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டவர்களுக்கும் அக்டோபர் 15 வரை இடமுண்டு. திருத்திய படிவத்தின் மேல், மத்திய வரி விதிகளின் 301.9100-2 பிரிவின்படி தாக்கல் செய்யப்படுகிறது என்ற குறிப்பை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்ன செய்தோம், எப்போது, எவ்வளவு என்று ஒரு பத்தி விளக்கமும் இணையுங்கள். அடுத்த ஆண்டு வரும் 1099-ஆரில், அதே ஆண்டில் திருப்பியிருந்தால் "N", முந்தைய ஆண்டுக்கான தொகை என்றால் "R" என்ற குறியீடு இருக்கும். அதற்கு வரி இல்லை.

9. மாற்றியதை எடுக்கும் காலம்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி ஐந்தாண்டுக் கெடு உண்டு. அது மாற்றிய ஆண்டின் ஜனவரி 1-இலிருந்து ஓடும். 2025 டிசம்பரில் மாற்றியது 2030 ஜனவரி 1-இல் விடுபடும். ஐம்பத்தொன்பதரை வயதுக்குள், அந்தக் கெடுவுக்குள் எடுத்தால், மாற்றும்போது வரி விழுந்த பகுதிக்கு 10 சதவீத அபராதம். வயது கடந்தவர்களுக்கு இந்த அபராதம் இல்லை. நேரடியாகச் செலுத்திய பணம் முதலில் வெளியேறும், பிறகு மாற்றியவை பழையதிலிருந்து வரிசையாக, கடைசியில்தான் லாபம். அதனால் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.

10. இந்தியா திரும்புகிறவர்களுக்கு

குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமல் ஊர் திரும்புகிறவர்கள், "கிளம்பும் ஆண்டில் பாதிச் சம்பளம்தானே, அப்போது மாற்றினால் மலிவு" என்று எண்ணுவது இயல்பு. ஆண்டின் ஒரு பாதியில் வரிக்குரிய குடியிருப்பாளர், மறு பாதியில் இல்லை என்ற இரட்டை நிலை ஆண்டில் நிலையான கழிவு கிடையாது. பொதுவாகச் சேர்ந்து தாக்கல் செய்யவும் முடியாது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும், குடியிருப்பாளர் அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில் பெரும்பாலும் இதே நிலைதான். ஆகவே நான்காம் படியில் போட்ட கணக்கை, முழுக் குடியிருப்பாளராக இருக்கும் கடைசி ஆண்டுக்கும் கிளம்பும் ஆண்டுக்கும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள்.

இந்தியப் பக்கத்திலும் வரிசை உண்டு. திரும்பிய தொடக்க ஆண்டுகளில் பலருக்கு ஆர்.என்.ஓ.ஆர். (குடியிருப்பாளர், ஆனால் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லர்) என்ற நிலை கிடைக்கும், அப்போது வெளிநாட்டில் எழும் இத்தகைய வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. சாதாரணக் குடியிருப்பாளர் ஆன பிறகு உலக வருமானம் முழுவதும் கணக்குக்குள் வந்துவிடும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஓய்வுக்காலக் கணக்குகளில் சேரும் வருமானத்துக்கு, பணத்தை எடுக்கும் ஆண்டில் வரி கட்டிக்கொள்ள 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89ஏ பிரிவும் 10-இஇ படிவமும் வழி செய்தன. அந்தத் தெரிவையும் ஒருமுறை செய்தால் திரும்பப் பெற முடியாது. எனவே மாற்றத்தைப் பற்றிய முடிவை முதலிலும், அந்தப் படிவத்தைப் பற்றிய முடிவை அடுத்தும் எடுங்கள். இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் எண்களைக் காட்டிவிட்டு, அதன் பிறகே உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துங்கள்.